வியன்னா குன்ஸ்ட்ஹிஸ்டோரிஷஸ் மியூசியம்: அம்மாவோட ஒரு வியாழக்கிழமை

பேரை வாசிக்கவே மூச்சு வாங்கும், அதனால இனிமே கேஎச்எம்னே சொல்றேன். ஆஸ்திரியா தலைநகர் வியன்னாவுல இருக்கற பெரிய கலை மியூசியம். அந்த ஊர் பழைய மகாராணி மரியா தெரேசியா சிலைக்கு ரெண்டு பக்கமும் அச்சு அசலா ஒரே மாதிரி ரெண்டு பில்டிங் எதிரும் புதிருமா நிக்கும், ஒண்ணு இது, இன்னொண்ணு நேச்சுரல் ஹிஸ்டரி மியூசியம். நாங்க தப்பா அதுல போய் லைன்ல நின்னுட்டோம், முன்னாடி நின்ன பொடிசுங்க எல்லாம் டைனோசர் பொம்மையோட நிக்கறத பாத்தப்புறம் தான் எனக்கு டவுட்டே வந்துச்சு. நீங்களும் போர்டை ஒரு தடவை பாத்துட்டு நில்லுங்க.

கேஎச்எம், ஆஸ்திரியாவை ஆண்ட ஹாப்ஸ்பர்க் ராஜ குடும்பம் தலைமுறை தலைமுறையா சேத்து வச்சதை வைக்கறதுக்குன்னே கட்டினது, 1891ல பேரரசர் பிரான்ஸ் ஜோசப் திறந்து வச்சார். உள்ள நுழைஞ்சதும் மார்பிள் படிக்கட்டு, நடுவுல இத்தாலி சிற்பி கனோவா செதுக்கின சிலை, கிரேக்கக் கதை வீரன் தீசியஸ் ஒரு சென்டாரை (பாதி மனுஷன் பாதி குதிரை) கழுத்தைப் பிடிச்சு அமுக்கிட்டு தடியை ஓங்கிட்டு நிக்கறான். எல்லாரும் அங்கேயே செல்ஃபி எடுத்துட்டு போயிடுறாங்க. கொஞ்சம் கழுத்தை நிமித்தி தூண்களுக்கு நடுவுல பாருங்க, அங்க இருக்கற சில ஓவியங்கள் வியன்னாவோட பிரபல ஓவியர் கிளிம்ட் வரைஞ்சது, தங்க முலாம் போட்ட படங்களுக்கெல்லாம் ரொம்ப முன்னாடி, இளவட்டமா கான்ட்ராக்ட் வேலை பாத்துட்டு இருந்த காலத்துல.

அம்மாக்கு முழங்கால் வலி, அதனால எல்லாத்தையும் பாக்கணும்னு நினைக்கவே இல்ல, நேரா மேல ப்ரூகல் (கிராமத்து வாழ்க்கையை வரைஞ்ச 16ம் நூற்றாண்டு ஓவியர்) ரூமுக்கு போயிட்டோம், அதுதான் நாங்க செஞ்ச ஒரே புத்திசாலித்தனமான காரியம். உலகத்துலயே ப்ரூகல் படங்கள் அதிகமா இருக்கற இடம் இதுதான், கிட்டத்தட்ட ஒரு டஜன். நடுவுல நல்ல மெத்து மெத்துன்னு சோஃபா வேற. அம்மா உக்காந்தாங்க, அதுக்கப்புறம் ஒரு மணி நேரம் எந்திரிக்கல.

1560ல வரைஞ்ச குழந்தைகள் விளையாட்டுன்னு ஒரு படம், 200க்கு மேல பிள்ளைங்க ஒரு தெரு முழுக்க ஆடுதுங்க. நான் ஃபோன்ல அதைப் பத்தி ஏதோ படிச்சிட்டு இருக்கேன், அம்மா பாட்டுக்கு கிட்ட போய் பாத்துட்டு வந்து "டேய், அங்க மூலையில ரெண்டு புள்ளைங்க அஞ்சாங்கல் ஆடுதுங்கடா"ன்னாங்க. நிஜமாவே இடது கீழ் மூலையில ரெண்டு பேர் ஆடிட்டு இருக்காங்க, கல்லுக்கு பதிலா ஆட்டுக்கால் எலும்பு மாதிரி சின்ன எலும்பு, அவ்ளோதான் வித்தியாசம். பச்சைக்குதிரை தாண்டறது, கண்ணைக் கட்டி ஆடறது, சக்கரம் உருட்டறதுன்னு அம்மா ஒவ்வொண்ணா கண்டுபிடிச்சு சொல்லிட்டே இருந்தாங்க, ஆடியோ கைடெல்லாம் எதுக்கு.

அதே ரூம்ல தான் விவசாயி வீட்டுக் கல்யாணம். ரெண்டு ஆளு கதவைக் கழட்டி தட்டா தூக்கிட்டு வராங்க, அது மேல கிண்ணம் கிண்ணமா கஞ்சி. கல்யாணப் பொண்ணு பச்சைத் துணிக்கு முன்னாடி கையைக் கோத்துட்டு அசையாம உக்காந்திருக்கா. மாப்பிள்ளை யாருன்னு இன்னிக்கு வரைக்கும் சண்டை நடக்குது. வாத்தியக்காரர் பேக்பைப் பையை கக்கத்துல வச்சிட்டு ஊதறதை விட்டுட்டு சாப்பாட்டையே வெறிச்சுப் பாக்கறாரு, தரையில ஒரு குட்டிப் புள்ளை, தன் தலையை விடப் பெரிய தொப்பி, அதுல மயில் இறகு, தட்டை வழிச்சு நக்கிட்டு இருக்கு. ராஜாக்கள் இதை எல்லாம் ஏன் வாங்கி வச்சாங்கன்னு யோசிச்சா கொஞ்சம் சிரிப்பாத்தான் இருக்கு.

பனியில வேட்டைக்காரங்க திரும்பி வர்ற 1565 படம் எல்லாரும் காலண்டர்ல பாத்திருப்பீங்க. நேர்ல பாத்தா தான் தெரியுது, அத்தனை ஆளு அத்தனை நாய் போயும் கிடைச்சது தோள்ல தொங்கற ஒத்தை நரி மட்டும்.

அடுத்து ஸ்பெயின் அரண்மனை ஓவியர் வெலாஸ்கெத். ஸ்பெயின் இளவரசி மார்கரீட்டா மூணு வயசு வாக்குல பிங்க் டிரெஸ்ல, அப்புறம் வெள்ளையில, எட்டு வயசுல நீல டிரெஸ்ல. பொண்ணு எப்படி வளர்றான்னு மாப்பிள்ளை வீட்டுக்கு வியன்னாவுக்கு அனுப்பின படங்கள். மாப்பிள்ளை ஹாப்ஸ்பர்க் பேரரசர் லியோபோல்ட், பொண்ணோட அம்மாவுக்கு கூடப்பிறந்த தம்பி. "தாய்மாமனா? அப்போ முறைதானே"ன்னு அம்மா சாதாரணமா சொல்லிட்டு அடுத்த படத்துக்கு போயிட்டாங்க. 1666ல கல்யாணம், 21 வயசுல அந்தப் பொண்ணு செத்துப்போச்சுன்னு நான் சொன்னப்புறம் திரும்பி வந்து அந்த நீல டிரெஸ்ஸை கொஞ்ச நேரம் பாத்தாங்க.

ரூபன்ஸ்ங்கற ஓவியரோட ரூம்கள் எனக்கு ஓவர் டோஸ், வேகமா கடந்துட்டோம். எகிப்து பக்கம் போகவே இல்ல.

கீழ குன்ஸ்ட்கம்மர்ல (ராஜாக்கள் சேத்த அபூர்வ பொருட்கள் இருக்கற பகுதி) இத்தாலி சிற்பி செல்லினி செஞ்ச தங்க உப்பு ஜாடியை மட்டும் விட்டுடாதீங்க. கடல் சாமி பக்கத்துல உப்புக்கு ஒரு குட்டி படகு, பூமித் தாய் பக்கத்துல மிளகுக்கு ஒரு குட்டி கோயில். 2003ல ஒருத்தன் சாரம் வழியா ஏறி கண்ணாடியை உடைச்சு இதைத் தூக்கிட்டுப் போயிட்டான், 2006ல காட்டுக்குள்ள புதைச்சு வச்சிருந்த இடத்துல இருந்து தோண்டி எடுத்தாங்க. "உப்பு போட்டு வைக்க இவ்ளோ தங்கமா, அதுக்கு ஒருத்தன் திருட வேற செஞ்சிருக்கான்"னு அம்மாக்கு ஒரே அங்கலாய்ப்பு.

டிக்கெட் 20 யூரோவுக்கு மேல ஆகும், 19 வயசுக்குள்ள இருக்கறவங்களுக்கு ஃப்ரீ. வியாழக்கிழமை ராத்திரி 9 மணி வரைக்கும் திறந்திருக்கும், சாயங்காலம் 6 மணிக்கு மேல குரூப் டூர் கூட்டமெல்லாம் வடிஞ்சிடும், அப்ப போங்க. மேல குவிமாடத்துக்கு அடியில கஃபே இருக்கு, காபி குடிக்காட்டியும் அந்த இடத்தை ஒரு எட்டு பாத்துட்டு வாங்க. பெரிய பேக்கை கீழ வச்சிட்டு தான் போகணும், நல்ல ஷூ போடுங்க. நான் புது ஷூ போட்டுட்டு போய், கடைசி அரை மணி நேரம் அம்மா தான் எனக்காக நின்னு நின்னு வந்தாங்க.