துப்பாக்கிக்குப் "பாலைவன கிட்": 480 வெள்ளி போச்சு, யாரும் வாங்காதீர்கள்!

கோபத்தில் கை நடுங்குகிறது. சுங்கை சிப்புட் பக்கம் செம்பனை போட்டு, காட்டுப்பன்றிக்காக லைசென்ஸோடு ஷாட்கன் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து படியுங்கள். எதில் கவனமாக இருக்க வேண்டும் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

வேட்டைச் சாமான் விற்கும் ஓர் ஆன்லைன் கடை. துடைக்கும் கிட் 480 வெள்ளி. விலையைப் பார்த்து நான் தயங்க, விற்கிற ஆளே போன் போட்டார். "அண்ணே, ஈராக்ல பட்டாளத்துக்காரங்க இதத்தான் போடுறாங்க. எண்ணெயே வேணாம். பவுடர் போட்டு வச்சிட்டா ஆறு மாசம் தொடவே வேணாம்." எந்தத் தோட்டம் என்று விசாரித்தார். தன் அம்மாவும் இந்தப் பக்கம் பால்மரம் வெட்டியவர்தான் என்றார். அப்படிப் பேசுகிற ஆளை யார் சந்தேகப்படுவார்கள்? அன்றைக்கே பணம் போட்டுவிட்டேன்.

பாலைவனத்தில் எண்ணெய் கூடினால் மணல் ஒட்டி உள்பாகங்களை அராவிவிடும். அதனால்தான் அங்கே பல்துலக்கும் பிரஷ், சவரப் பிரஷ் என்று கையில் கிடைத்ததை வைத்துத் தூசு தட்டி, எண்ணெயைக் குறைப்பார்கள். அதெல்லாம் மணலுக்கு. நம் ஊரில் தினமும் மழை, ஈரம். இரும்பின் மேல் மெல்லிசாக எண்ணெய் இல்லையென்றால் துருதான். 1960களில் அமெரிக்கப் பட்டாளம் எம்16 துப்பாக்கியைத் துடைக்கவே வேண்டாம் என்ற பேச்சோடு, போதிய கிட் கூட இல்லாமல் வியட்நாமுக்கு அனுப்பி, துரு பிடித்துச் சிக்கி, பிறகு சேம்பருக்கு, அதாவது தோட்டா உட்காரும் இடத்துக்கு, குரோம் பூசினார்கள். துப்பாக்கிச் சாமான் விற்கிறவனுக்கு இது தெரியாதா?

அவன் பேச்சைக் கேட்டு எண்ணெய் இல்லாமல் பவுடர் மட்டும் போட்டு வைத்தேன். இப்போது குழலை வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே செம்புள்ளி. கீல் இடுக்கில் விரல் வைத்தால் செந்தூள். பவுடர் வெறும் கிராஃபைட், பென்சில் கரி மாதிரி. "இராணுவ பிரஷ்" சாதாரணப் பல் பிரஷ்தான், விலை ஸ்டிக்கரைச் சுரண்டிய பசை கூடப் போகவில்லை. 480 வெள்ளிக்கு!

கேட்டதற்கு முதலில் "வெளியூர்ல இருக்கேண்ணே". அப்புறம் "நீங்க சரியா போடல". அப்புறம் நீல டிக் மட்டும். இப்போது பிளாக். பணம் கட்டிய செயலியில் புகார் செய்தால், பார்சல் கிடைத்ததை உறுதி செய்தாகிவிட்டதாம், பணம் திரும்பாதாம். ஈப்போவில் லைசென்ஸ் உள்ள கடைக்காரர், குழல் அரித்திருக்கிறது, பார்த்துச் சொல்லும்வரை சுடாதீர்கள் என்கிறார். அந்தச் செலவு தனி.

விரிவாக எழுத இப்போது மனசு வரவில்லை. எண்ணெய் வேண்டாம் என்பவனிடம் வாங்காதீர்கள். மழையில் நனைந்தால் அன்றைக்கே துடைத்து எண்ணெய் போடுங்கள். சாமானைத் திறந்து பார்க்காமல் "கிடைத்தது" என்று அமுக்காதீர்கள். ரசீது, வாட்சப் பேச்சு எதையும் அழிக்காதீர்கள். பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் மனு போட 5 வெள்ளிதான். என் 480 வெள்ளிக்காக நான் திங்கட்கிழமை போடப்போகிறேன். இவனிடம் ஏமாந்தவர்கள் இருந்தால் நீங்களும் போடுங்கள்.