மாட்டு வேலிப் பேனலில் கட்டிய மான் வேட்டை மறைவிடம்: பல சீசன்களுக்குப் பிறகு

வில் வேட்டையில் மான் கண்ணில் படாமல் உட்கார, நானே தரையில் கட்டிய மறைவிடத்தைப் பல சீசன்களாகப் பயன்படுத்தி வருகிறேன். இங்கே இதை பிளைண்ட் என்பார்கள். இடம், அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்துத் தென்மேற்கு மூலை. குன்றும் பள்ளத்தாக்குமாக இருக்கும் டிரிஃப்ட்லெஸ் பகுதி. நிலம் ஒரு பால்பண்ணைக்காரருடையது, அவரிடம் அனுமதி வாங்கித்தான் கட்டினேன். இந்தியாவில் வேட்டை சட்டப்படி குற்றம். இங்கே மானுக்கான வில் சீசன் செப்டம்பர் நடுவில் தொடங்கி ஜனவரி வரை போகும். உரிமம் வேண்டும். 1973 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் வேட்டைப் பயிற்சிச் சான்றிதழும் வைத்திருக்க வேண்டும்.

காசு மிச்சமாகும் என்று நினைத்து இதைக் கட்டாதீர்கள். பேனல், கம்பம், மரம், துணி எல்லாம் சேர்ந்தால் கடையில் கிடைக்கும், விரித்ததும் நிற்கும் சுமாரான பாப்-அப் கூடாரத்தின் விலைக்குப் பக்கத்தில் வந்துவிடும். கட்டுவதில் இருக்கும் லாபம் வேறு. ஜன்னலை உங்கள் வில்லுக்கும், நீங்கள் உட்காரும் உயரத்துக்கும் அளந்து வெட்டலாம். அப்புறம், வருடம் முழுக்க அது அதே இடத்தில் நிற்பதால் மான்கள் பார்த்துப் பார்த்துப் பழகிவிடும். நேற்று இல்லாத ஒரு பொருள் இன்று புல்வெளி ஓரத்தில் முளைத்தால் வயதான பெண்மான் நின்று முறைக்கும், காலைத் தரையில் அடிக்கும், கூட்டத்தையே திருப்பிக் கொண்டு போய்விடும். ஜூலையிலேயே நின்றுகொண்டிருக்கும் மறைவிடத்துக்கு அந்தத் தொல்லை இல்லை.

மறைவிடத்தின் எலும்புக்கூடு, மாட்டுப் பட்டிக்கு வேலியாக வைக்கும் தடித்த கம்பிச் சட்டம்தான். இதை இங்கே கேட்டில் (cattle) பேனல் என்பார்கள். ஒன்று 16 அடி நீளம், 50 அங்குல அகலம். இரண்டை அருகருகே வைத்து, கூண்டு வண்டியின் கூரை மாதிரி வளைத்து, அடியில் 7 அடி அகலம் இருக்கும்படி தரையில் அடித்த டி-போஸ்டுகளில், அதாவது T வடிவ இரும்புக் கம்பங்களில், கட்டினேன். நடு உயரம் ஆறு அடிக்கு மேல் வரும். வளைந்த கூரையில் பனி நிற்காமல் சறுக்கிவிடுவதால் இந்த ஊர் குளிர்காலத்தையும் தாங்குகிறது. வளைக்க இரண்டு பேர் வேண்டும். பாதி வளைந்த பேனல் கைநழுவினால் முகத்தில் அடிக்கும், ஆகவே ஒரு முனையைக் கம்பியால் இறுக்கிக் கட்டிவிட்டு மறு முனையைத் தள்ளுங்கள். முன்னும் பின்னும் பிளைவுட் சுவர், பின்சுவரில் கதவு.

மேலே கறுப்பு ரப்பர் விரிப்பு. தட்டையான கூரைகளுக்குப் போடுவார்களே, அந்த ஈபிடிஎம். கடுங்குளிரில் விறைக்காது, வெயிலில் பொடியாகாது, காற்றில் படபடக்காது. அதற்கு மேல் சணல் துணி, அதற்கும் மேல் ரெட் சிடார் கிளைகள். மேய்ச்சல் சரிவுகளில் இந்த மரம் தானாகப் பெருகிப் புல்லை அழிப்பதால், வெட்டிக்கொண்டு போனால் நிலக்காரருக்கும் சந்தோஷம்தான்.

வெளியே எவ்வளவு அழகாக இலைதழை சொருகினாலும், மறைப்பது உள்ளே இருக்கும் இருட்டுதான். சுவர்களுக்கு மினுமினுக்காத கறுப்பு பெயிண்ட் அடித்தேன். நானும் கறுப்பு மேல்சட்டைதான் போடுகிறேன். காட்டு நிற உடுப்பு உள்ளே வெளிறித் தெரியும். மான் பார்க்கும் பக்கத்து ஜன்னல் மட்டும் திறந்திருக்க வேண்டும், முதுகுப் பக்கம் முழுக்க மூடியிருக்க வேண்டும். பின்னால் ஒரு துண்டு வானம் தெரிந்தாலே போதும், வில்லை இழுக்கும் கை நிழலாட்டமாகக் காட்டிக் கொடுத்துவிடும். மானுக்குச் சிவப்பு சரியாகத் தெரியாது, ஆனால் நீலமும் புற ஊதாவும் நன்றாகத் தெரியும். அதனால் துணியைப் பளிச்சென்று காட்டும் சோப்புத் தூளில் வேட்டை உடுப்பைத் துவைக்கக் கூடாது.

ஜன்னல் விஷயத்தில் அவசரப்படாதீர்கள். சுவரில் ஓட்டை போடுவதற்கு முன், வேட்டையில் உட்காரப் போகும் அதே முக்காலியில் உட்கார்ந்து, அம்பு கோத்து வில்லை முழுதாக இழுத்துப் பிடித்து, கூட இருப்பவரை அம்பின் உயரத்தைக் குறிக்கச் சொல்லுங்கள். முனை மழுங்கிய பயிற்சி அம்பு போதும். கூட இருப்பவர் பக்கவாட்டில் நிற்கட்டும். நம் கண் பார்க்கும் குறிக்குச் சில அங்குலம் கீழேதான் அம்பு புறப்படுகிறது. குறி வழியே மான் தெளிவாகத் தெரியும், அம்போ ஜன்னலின் கீழ்விளிம்பில் இடித்துத் திரும்பும். காயம்பட்ட மானைத் தேடி அலைவதும் ஆபத்தான தெறிப்பும் இதில்தான் ஆரம்பம். அகலம் குறைந்த, உயரமான ஜன்னல்தான் வில்லுக்குப் பொருந்தும். வில்லின் கீழ்முனை சுவரில் தட்டாமல் இருக்க, சுவரை விட்டுத் தள்ளி உட்காரவும் இடம் விடுங்கள். தரையில் சருகை மண் தெரியும்வரை வாரிவிட்டு, குதிரை லாயத்தில் போடும் ரப்பர் பாயை விரித்தேன். பூட்ஸ் நகர்ந்தால் சத்தமே இல்லை.

குறை என்று பார்த்தால் பெரியது ஒன்று: காற்று. இடம் நிலையானது, காற்று அப்படி இல்லை. என் மறைவிடம் மான் தடத்துக்குத் தென்கிழக்கில், சுமார் 20 கெஜத்தில் இருக்கிறது. குளிர் அலை வந்து வடமேற்குக் காற்று வீசும் நாட்களில் அருமையான இடம். தெற்குக் காற்று என்றால் நான் போவதே இல்லை. பள்ளத்தாக்கில் இன்னொரு சிக்கலும் உண்டு. வெயில் ஏற ஏறக் காற்று சரிவில் மேலே போகும், மாலையில் குளிர்ந்து கீழே இறங்கும். நம் வாடையும் கூடவே போகும். காற்றைப் பார்க்காமல் தினமும் போய் உட்கார்ந்தால், நவம்பரில் இணைசேரும் பருவம் வருவதற்குள் அந்தத் தடத்தையே மான்கள் விட்டுவிடும்.

தேய்மானம்: ரப்பரும் பேனலும் அப்படியே இருக்கின்றன. சணல் துணி மழையில் ஊறி இற்றுப் போகிறது, எலி வேறு கடிக்கிறது. அதை அவ்வப்போது மாற்றியே ஆக வேண்டும். கட்டுவதற்குப் போடும் பிளாஸ்டிக் பட்டை (ஜிப் டை) கடுங்குளிரில் பட்டென்று உடையும், துத்தநாகம் பூசிய கம்பிதான் நிற்கிறது. ஆகஸ்டில் கிளை மாற்றப் போகும்போது கூரைக்குள் குளவிக்கூடு இருக்கிறதா என்று கதவுக்கு வெளியே நின்றே பாருங்கள். வீட்டுக்கு வந்ததும் உடம்பு முழுக்க உண்ணி தேடுங்கள். உண்ணி கடித்துப் பரவும் லைம் நோய் இந்தப் பக்கம் சாதாரணம்.

சொந்த நிலமோ, நிலக்காரரின் சம்மதமோ இருப்பவர்களுக்கே இது சரிப்படும். மாநில அரசு நிலத்தில் இப்படி நிரந்தரமாகக் கட்ட முடியாது. அங்கே மடித்து எடுத்துப்போகும் கூடாரம்தான் வழி. துப்பாக்கி சீசன் நடக்கும்போது அந்தக் கூடாரத்தின் மேல் எல்லாப் பக்கமிருந்தும் தெரியும்படி 144 சதுர அங்குலம் பளீர் ஆரஞ்சோ பிங்க்கோ இருக்க வேண்டும் என்பது விதி. என் மறைவிடம் தனியார் நிலத்தில் இருந்தாலும், அந்த நாட்களில் கூரை மேல் ஆரஞ்சுத் துணியைக் கட்டாமல் நான் உள்ளே போவதில்லை.