தஞ்சாவூரில் இரண்டு நாள்: பெரிய கோயிலுக்கு மதியம் போகாதீர்கள்

போன வருஷம் சித்தப்பா குடும்பம் தஞ்சாவூர் போனது. காரில் பதினொன்றரைக்கு வந்து இறங்கி, கொதிக்கிற கல் தரையில் வெறுங்காலோடு ஓடி, நந்தி முன்னால் ஒரு படம் எடுத்துக்கொண்டு, நடை சாத்தும் நேரம் என்று வேளாங்கண்ணிக்குக் கிளம்பிவிட்டார்கள். கேட்டபோது எனக்கு ரொம்ப வருத்தமாக இருந்தது, ஏனென்றால் அந்த ஊரில் எல்லாமே எந்த நேரத்துக்கு எங்கே போகிறோம் என்பதில்தான் இருக்கிறது.

நானும் அம்மாவும் வெள்ளிக்கிழமை ராத்திரி எழும்பூரில் உழவன் எக்ஸ்பிரஸ் ஏறி, விடிகாலையில் இறங்கி, லாட்ஜில் குளித்துவிட்டு ஏழு மணிக்கு முன்பே கோயிலில் இருந்தோம். தரை ஜில்லென்று இருந்தது, கூட்டமே இல்லை. கேரளாந்தகன் வாசல், ராஜராஜன் வாசல் இரண்டிலும் நிதானமாக நின்று பாருங்கள், பலரும் விமானத்தைப் பார்க்கிற அவசரத்தில் இவற்றைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். இரண்டாவது வாசலில் இருக்கும் துவாரபாலகரின் காலடியில் ஒரு பாம்பு யானையை விழுங்கிக்கொண்டிருக்கும். அந்தப் பாம்பே அவர் காலடியில் சின்னதாகத் தெரிகிறது என்றால் அவர் எவ்வளவு பெரியவர், அவர் காவல் காக்கிற சாமி எவ்வளவு பெரியவர் என்று நாமே கணக்குப் போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

விமானம் சுமார் 216 அடி, கட்டி முடித்தது 1010-இல், சுற்றுவட்டாரத்தில் மலையே இல்லாத வயல்காட்டு ஊரில் அத்தனையும் கருங்கல். ஆனால் என்னை அசைத்தது உயரம் இல்லை, சுவர் முழுக்க ஓடுகிற கல்வெட்டு. தான் கொடுத்தது, அக்கா குந்தவை கொடுத்தது, மற்றவர்கள் கொடுத்தது என்று ராஜராஜன் ஒவ்வொன்றாக எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறான். கோயிலில் ஆட வந்த 400 தளிச்சேரிப் பெண்டுகளின் பெயர், எந்தக் கோயிலிலிருந்து வந்தார்கள், எந்தத் தெருவில் வீடு, ஆளுக்கு வருஷத்துக்கு 100 கலம் நெல் என்பது வரை இருக்கிறது. அம்மா ட, ப மாதிரி தெரிந்த சில எழுத்துகளை விரலால் காட்டிக்கொண்டே அரை மணி நேரம் அங்கேயே நின்றுவிட்டார். ஒன்று சொல்ல வேண்டும், கோபுர நிழல் தரையில் விழாது என்ற கதையை நம்பாதீர்கள். காலை வெயிலில் நிழல் நன்றாகவே விழுகிறது.

காலை டிபனுக்கு இட்லியோடு கடப்பா எங்கே கிடைக்கும் என்று கேட்டுப் போய்ச் சாப்பிடுங்கள். பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் சேர்த்து, சோம்பும் பட்டையும் மணக்க, குருமாவும் இல்லாமல் சாம்பாரும் இல்லாமல் ஒரு பக்குவம், டெல்டாவை விட்டு வெளியே அதிகம் பார்க்க முடியாது. எல்லா நாளும் எல்லாக் கடையிலும் போடுவதில்லை, எங்களுக்கு மூன்றாவது கடையில்தான் கிடைத்தது. மதியம் பேருந்து நிலையம் பக்கம் ஒரு ஓட்டலில் சாப்பிட்ட மீல்ஸ் மட்டும் சரியில்லை, சோறு ஆறிப்போய், ரசம் கேட்டும் வரவில்லை.

வெயில் நேரத்தை அரண்மனைக் கலைக்கூடத்துக்குக் கொடுங்கள். சோழர் செப்புத் திருமேனிகளை இவ்வளவு பக்கத்தில் நின்று பார்க்கலாம். திருவெண்காட்டிலிருந்து வந்த ரிஷபவாகனர், அதாவது காளைமேல் கை சாய்த்து நிற்கிற சிவன், ஒன்று போதும், மொத்தப் பயணத்துக்கும். காளை இல்லை, காணாமல் போய்விட்டது, ஆனால் அதன்மேல் சாய்ந்த கை அப்படியே காற்றில் நிற்கிறது, காலை மாற்றி வைத்து நிற்கிற ஒய்யாரத்தைப் பார்த்தால் காளை அங்கேயே இருக்கிற மாதிரிதான் இருக்கிறது. ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய வேலை. விளக்கு வெளிச்சமும் பெயர்ப்பலகைகளும் இன்னும் நன்றாக இருக்கலாம், இந்தச் சிலைகளுக்கு அது நியாயமும்கூட. பக்கத்தில் சரஸ்வதி மகால் நூலகத்தின் காட்சிக்கூடம் சின்னது, இருபது நிமிடம் போதும்.

சாயங்காலம் மறுபடி பெரிய கோயில். அஞ்சரைக்கு மேல் கல் தேன் நிறமாக மாறுகிறது, ஊர்க்காரர்கள் பிள்ளைகளோடு புல்தரையில் வந்து உட்கார்கிறார்கள். நாங்களும் இருட்டும் வரை உட்கார்ந்திருந்தோம்.

ஞாயிறன்று டவுன் பஸ்ஸில் திருவையாறு, 13 கிலோமீட்டர்தான். வழியில் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று வரிசையாகப் பாலங்கள். காவிரிக்கரையில் தியாகராஜர் சமாதியில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, ஆண்டவர் கடையில் அசோகா வாங்கினோம். பாசிப்பருப்பு அல்வா, சுடச்சுட, நெய் விரலில் ஒட்டும், கூடவே கொஞ்சம் மிக்சர். அம்மாவுக்குச் சர்க்கரை இருக்கிறது, ஒரு ஸ்பூன்தான் என்று சொல்லி ஆரம்பித்தார், நான் தடுக்கவில்லை. சித்தப்பா வீட்டுக்கு அரை கிலோ கட்டி வாங்கிக்கொண்டேன்.