திடீரென்று மாறிப்போன பிள்ளையோடு சென்னையில்: எதை முதலில் எடுப்பது

சென்னையில் டெஸ்ட்டுக்குப் பஞ்சமே இல்லை. எந்த டெஸ்ட்டை எந்த மருந்துக்கு முன்னால் எடுக்க வேண்டும் என்று கோத்துச் சொல்லத்தான் ஆள் கிடைப்பதில்லை. வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்த பிள்ளை ஓரிரு நாளிலேயே சோற்றைத் தொட மறுத்து, கையைக் கழுவிக்கொண்டே இருந்து, படுக்கையை நனைத்து, கையெழுத்தும் கோணிப்போனால் அலைச்சல் அங்கேதான் தொடங்குகிறது. சொந்தக்காரர்கள் மந்திரிக்கச் சொல்வார்கள். தெருமுனை கிளினிக்கில் ‘ஊர் மாறின அடம்’ என்று அனுப்பிவிடுவார்கள். இப்படிப் பிள்ளை திடீரென்று மாறிப்போவதற்குப் பான்ஸ் என்றும், ஸ்ட்ரெப் என்ற பாக்டீரியாவின் தொண்டைத் தொற்றை ஒட்டி வந்தால் பாண்டாஸ் என்றும் பெயர். பாண்டாஸை 1998-இல் அமெரிக்காவில் சூசன் ஸ்வீடோவின் குழு விவரித்தது. இங்கே நேராகக் குழந்தைகள் நரம்பியல் மருத்துவரிடம் போய்விடுவது நல்லது.

முதலில் தொண்டை ஸ்வாப், அதாவது பஞ்சுக்குச்சியால் தடவி எடுக்கும் மாதிரி. காய்ச்சல் என்றதுமே அஸித்ரோமைசின் எழுதும் வழக்கம் ஊரில் அதிகம். அதை ஆரம்பித்த பிறகு எடுத்தால் கல்ச்சரில் கிருமி முளைக்காமல் போகலாம். நாக்கில் படாமல் இரண்டு டான்ஸிலிலும் பின்சுவரிலும் தடவி எடுத்தால்தான் அது ஸ்வாப். அடுத்து ரத்தத்தில் ஏஎஸ்ஓ, ஆன்டி டிஎன்ஏஸ் பி: இரண்டும் ஸ்ட்ரெப்புக்கு எதிராக உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருளின் அளவு. சின்ன லேப்களில் ஏஎஸ்ஓவை லேடெக்ஸ் முறையில் ‘பாசிட்டிவ்’ என்று மட்டும் தருவார்கள். எண்ணாக வரும் முறையைக் கேளுங்கள். டிஎன்ஏஸ் பி பெரும்பாலும் வெளி லேபுக்குப் போய் வரும். ஒரு தடவை அதிகமாக வந்தால் அது பாண்டாஸுக்குச் சாட்சியாகாது, பழைய தொண்டைவலியின் மிச்சமாகவும் இருக்கலாம். 4 முதல் 6 வாரம் கழித்து எடுப்பதில் ஏறியிருக்கிறதா என்பதே கேள்வி. அதற்குள் நீங்கள் டொரொண்டோவிலோ லண்டனிலோ இருப்பீர்கள். வேறு லேப், வேறு முறை என்றால் எண்களை அப்படியே ஒப்பிட முடியாது. முறையையும் அலகையும் ரிப்போர்ட்டில் எழுதி வாங்குங்கள்.

வலிப்பு, வாய் முகம் தானாக அசைதல், பேச்சு வற்றிப்போதல், தூக்கமே போதல், குழப்பம் இருந்தால் ஓபி வரிசையில் நிற்காதீர்கள், அட்மிட் செய்யுங்கள். மூளையழற்சி, குறிப்பாக உடலின் எதிர்ப்பொருளே மூளையைத் தாக்கும் என்எம்டிஏ வகை, இப்படித்தான் மனநோய் வேஷத்தில் வரும். எம்ஆர்ஐ சுத்தமாக இருந்தாலும் அது இல்லை என்று ஆகாது. மூளை அலையைப் பார்க்கும் ஈஈஜி வேண்டும், முதுகுத்தண்டு நீரும் வேண்டும். ‘முதுகில் ஊசி போட்டால் இடுப்பு போயிடும்’ என்று பாட்டிமார் தடுப்பார்கள். ஆனால் ரத்தத்தை விட அந்த நீரில்தான் எதிர்ப்பொருள் தப்பாமல் தெரியும். இரண்டையும் ஒன்றாக அனுப்புவதே முறை. முடிவு வர நாளாகும், வலுவான சந்தேகம் இருந்தால் சிகிச்சை அதற்குக் காத்திருக்காது. இந்த நிலையில் மனநோய் மருந்தைத் தாராளமாகக் கொடுத்தால் உடல் விறைத்து நிலைமை மோசமாகலாம்.

ஸ்ட்ரெப் தொற்றுக்குப் பின் ருமாட்டிக் காய்ச்சலோடு கைகால் தானாக ஆடும் சிடன்ஹாம் கொரியாவையும் இங்கே மறக்கக் கூடாது. ருமாட்டிக் காய்ச்சல் ஊரை விட்டு முழுசாகப் போகவில்லை. டாக்டரின் இரண்டு விரலைப் பிடிக்கச் சொன்னால் பிள்ளையின் பிடி இறுகித் தளர்ந்து இறுகும், பால் கறப்பது மாதிரி. அப்படியென்றால் இதயத்துக்கு எக்கோ ஸ்கேன், பிறகு 21 நாளுக்கொரு பென்சிலின் ஊசி. அந்த ஊசியை வெளிநாட்டில் யார் போடுவார் என்று டிக்கெட்டுக்கு முன்பே முடிவு செய்யுங்கள்.

பான்ஸுக்குப் பலர் இபுப்ரோஃபென் தருகிறார்கள். மழைக்காலத்துச் சென்னையில் காய்ச்சலும் சேர்ந்திருந்தால், டெங்கு இல்லை என்று உறுதியாகும்வரை அதைத் தொடாதீர்கள், ரத்தக்கசிவு ஆபத்து. பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு சிரப்பில் இன்னொரு பொறி: 5 மி.லி.க்கு 5 மி.கி. உள்ளதும் 15 மி.கி. உள்ள ‘ஃபோர்ட்’டும் பக்கத்துப் பக்கத்தில் அடுக்கியிருக்கும். ‘ஒரு ஸ்பூன்’ என்று கேட்டு வந்தால் மூன்று மடங்கு உள்ளே போகும். அளவை மி.கி.யில் எழுதச் சொல்லுங்கள்.

ஐவிஐஜி, அதாவது தானம் செய்தவர்களின் ரத்தத்திலிருந்து பிரித்து ரத்தக்குழாயில் ஏற்றும் எதிர்ப்பொருள், பற்றி இரண்டு வார்த்தை. 1999-இல் வந்த ஆய்வு பாண்டாஸில் பலன் காட்டியது. 2016-இல் 35 பிள்ளைகளிடம் நடந்த ஆய்வில் டம்மி மருந்தை விடத் தெளிவான வித்தியாசம் தெரியவில்லை. என்எம்டிஏ வகை மூளையழற்சிக்கு ஐவிஐஜி முதல்வரிசை மருந்து. லேசான பான்ஸுக்கு முதல் நாளே யாராவது எழுதினால் இன்னொரு டாக்டரையும் பாருங்கள். கிலோவுக்கு 2 கிராம் என்றால் 25 கிலோ பிள்ளைக்கு 50 கிராம்: 5 கிராம் பாட்டில் பத்து, 5 சதவீதக் கரைசலில் ஒரு லிட்டர். இரண்டு நாளில் ஏற்றலாம், தொடக்கத்தில் மணிக்குப் பன்னிரண்டு மி.லி. போல மெதுவாக. வெளி மருந்துக்கடையில் வாங்கினால் ஐஸ் பெட்டியில் வர வேண்டும், ஆனால் உறையக் கூடாது, குலுக்கவும் கூடாது. எல்லா ரத்தப் பரிசோதனையும் இதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும், ஏனென்றால் தானம் செய்தவர்களின் எதிர்ப்பொருள் பிள்ளையின் ரத்தத்தில் கலந்துவிடும். இந்த அளவு ஏற்றினால் எம்எம்ஆர், சின்னம்மைத் தடுப்பூசிகளை 11 மாதம் தள்ளிப்போட வேண்டும். அந்த ஊர்ப் பள்ளிக்குக் கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள்.

கை கழுவுவது போன்ற உந்துதலைத் தடுத்துப் பழகும் மனப்பயிற்சி, பிள்ளை யோசிக்கும் மொழியில் நடந்தால்தான் பிடிக்கும். ஆங்கிலம் சென்னையில் கிடைத்துவிடும். நார்வேஜியனோ பிரெஞ்சோ என்றால் அந்த ஊர்த் தெரபிஸ்ட்டை வீடியோவில் பிடிப்பதே மேல். வெளிநாட்டு பயணக் காப்பீட்டுக்கு இங்கே பெரும்பாலும் பணம் கட்டிவிட்டுத்தான் திரும்பக் கேட்க வேண்டும். டிஸ்சார்ஜ் சம்மரியில் பிராண்டோடு மூலப்பெயரும் மி.கி.யும், ஐவிஐஜி பாட்டில்களின் பேட்ச் ஸ்டிக்கரும், எம்ஆர்ஐ சிடியும் இருக்கின்றனவா என்று பில்லிங் கவுன்டரிலேயே சரிபாருங்கள்.