கத்திரிப்பூப் பட்டும் தோவாளைச் சிவப்பும்: ரா ஃபைலுக்கு எந்த ப்ரொஃபைல்?

நாகர்கோவில் பக்கம் ஒரு கல்யாணம். ஒரு கேமரா என் கையில், இன்னொன்று தம்பி கையில். இரண்டும் வேறு வேறு கம்பெனி. ஆல்பத்தைப் புரட்டிய மணப்பெண், "அண்ணே, எனக்க பட்டு கத்திரிப்பூ கலராக்கும். இதுல நீலமால்லா இருக்கு" என்றார். எதிர்ப்பக்கத்தில், மற்ற கேமரா எடுத்த படத்தில், அதே பட்டு சரியாக இருந்தது. மண்டபத்து வெளிச்சம் ஒன்று, லைட்ரூம் என்ற படம் திருத்தும் மென்பொருளில் வைத்த ஒயிட் பேலன்ஸும் (வெள்ளையை வெள்ளையாகவே காட்டும் அளவு) ஒன்று.

கேமரா மெருகேற்றாமல் அப்படியே சேமிக்கும் ரா ஃபைலில் இருப்பது நிறமல்ல, சிவப்பு, பச்சை, நீல வடிகட்டிகள் வழியே சென்சாரில் பதிந்த எண்கள். அந்த வடிகட்டிகள் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். எதுவுமே நம் கண்ணைப் போல அப்படியே பார்ப்பதில்லை. எண்ணை நிறமாக்குவது ப்ரொஃபைல். கத்திரிப்பூ நிறம் நீலமாகச் சரிவது இந்த இடத்தில்தான்.

அன்று இரண்டு கேமராவுக்கும் நான் வைத்திருந்தது கேமரா மேட்சிங் ப்ரொஃபைல். கேமராவின் பின்திரையில் தெரியும், கேமராவே மெருகேற்றிய ஜேபெக் படத்தைப் போலவே ரா ஃபைலையும் காட்டும். முகங்களுக்கு அழகு, வேலையும் சீக்கிரம் முடியும். ஒரே கேமராவோடு போகிறவர்கள் தயங்காமல் இதையே வைத்துக்கொள்ளலாம். இரண்டு கம்பெனி கலந்தால் மட்டும் இரண்டு கம்பெனியின் நிற ருசியும் ஒரே ஆல்பத்துக்குள் வந்து மோதும்.

லைட்ரூமைத் தயாரிக்கும் அடோபி தரும் அடோபி ஸ்டாண்டர்ட் ப்ரொஃபைல் வேறு வகை. கேமரா மாடல் ஒவ்வொன்றுக்கும் தனியாகத் தயாரித்தது. எந்தக் கம்பெனியாக இருந்தாலும் நிறம் ஏறக்குறைய ஒன்றுபோல வரவேண்டும் என்பது அதன் நோக்கம். 2018-இல் வந்த அடோபி கலர் இதன்மேல் கொஞ்சம் கான்ட்ராஸ்ட் ஏற்றியது. இரண்டு கேமராவையும் ஸ்டாண்டர்டுக்கு மாற்றியதுமே பாதிச் சண்டை ஓய்ந்தது. ஆனால் முகத்தில் உயிர் குறைவு. கையால் ஏற்ற வேண்டியிருந்தது.

மூன்றாவது, நாமே செய்துகொள்ளும் ப்ரொஃபைல். 1976-இல் வந்த கலர்செக்கர் என்ற நிற அட்டையின் (சார்ட்) 24 கட்டங்களை அதே வெளிச்சத்தில் எடுத்து, மென்பொருளிடம் கொடுத்தால் நம் கையிலிருக்கும் அந்தக் கேமராவுக்கே ஒரு ப்ரொஃபைல், டிசிபி கோப்பாகக் கிடைக்கும். எனக்கு இதன் அருமை, நாகர்கோவில் பக்கத்துப் பூ ஊரான தோவாளையில் மாலையைப் படமெடுத்தபோதுதான் புரிந்தது. அந்த ஊர் மாணிக்கமாலைக்கு 2025-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. சிவப்பு அரளியும் வெள்ளை அரளியும் நொச்சி இலையும் மடித்துக் கட்டிய அந்த மாலை, பாய் போலத் தட்டையாக, கல் பதித்ததுபோல இருக்கும். ஸ்டாண்டர்டில் நொச்சி மஞ்சள் கலந்த பச்சையாக வந்தது. சார்ட் ப்ரொஃபைலைப் போட்டதும் இலையின் அந்தச் சாம்பல் படிந்த பச்சை அப்படியே திரும்பி வந்தது. மாலையையும் திரையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அரளிச் சிவப்பு மட்டும் இதற்கும் முழுதாக அடங்கவில்லை. சார்ட்டின் சிவப்புக் கட்டம் அரளியைவிட மங்கல். அதைத் தாண்டிய நிறத்தை மென்பொருள் ஊகிக்கத்தான் வேண்டும். சென்சாரில் சிவப்புக்கான பதிவு (சிவப்பு சேனல்) உச்சம் தொட்டு நிரம்பிப்போனால் இதழின் மடிப்பே தெரியாது. எடுக்கும்போதே கேமராவுக்குள் விழும் வெளிச்சத்தை அரை ஸ்டாப் குறைத்ததுதான் கைகொடுத்தது.

சார்ட்டைப் பிடிக்கும் இடமும் முக்கியம். நம்மூர்த் தென்னந்தோப்பு, வாழைத்தோட்டத்து நிழலில் இலைப் பச்சை சார்ட்டின் மேலேயே விழும்; முகத்திலும் அதே பச்சை விழுந்தால் சரி, இல்லையென்றால் ப்ரொஃபைலே கோணிப்போகும். வெள்ளைக் கட்டம் வெளிறக் கூடாது. குண்டு பல்பில் ஒன்று, பகல் வெளிச்சத்தில் ஒன்று என இரண்டு படம் எடுத்து ஒரே ப்ரொஃபைலாகச் சேர்த்தால் மண்டபத்துக்கும் வெளிப்புறத்துக்கும் உதவும்.

வெறும் சாம்பல் நிற அட்டையான கிரே கார்டு ஒயிட் பேலன்ஸைத் திருத்தும், கத்திரிப்பூவைத் திருத்தாது. மேடையில் சிவப்பும் நீலமுமாக மாறும் எல்இடி விளக்குக்கு எந்த ப்ரொஃபைலும் மருந்தில்லை, ஃபிளாஷ்தான் வழி. லைட்ரூம் இல்லாதவர்களுக்கு இலவச மென்பொருளான ரா தெரப்பி இருக்கிறது, அதே டிசிபியைப் படிக்கும்.

இப்போது கல்யாணத்துக்கு இரண்டு கேமராவுக்கும் சார்ட் ப்ரொஃபைல்தான். பெண் புடவை மாற்றிவரும் இடைவெளியில் சார்ட்டுக்கு ஒரு நிமிஷம் போதும். அந்த ஆல்பத்தின் நீலப் பக்கத்தை அடோபி ஸ்டாண்டர்டில் திருத்தி, மறுபடி அச்சடித்துக் கொடுத்தேன்.