மாநிறக் கன்னத்துக்கு ஒரு பிளஷ், ஒரு ஹைலைட்டர்

ரேர் பியூட்டி நிறுவனத்தின் சாஃப்ட் பிஞ்ச் லிக்விட் பிளஷ் (கன்னத்துக்குச் சிவப்பு தரும் திரவ மேக்கப்), மாநிறத்துக்கும் அதைவிடக் கருத்த நிறத்துக்கும் நான் போட்டுப் பார்த்தவற்றிலேயே சிறந்தது. ஆனால் அளவும் இடமும் தப்பினால் கூத்துக்கு வேஷம் கட்டிய முகமாகிவிடும். அதனால் பொருளைப் பற்றி மட்டும் எழுதாமல், வைக்கும் விதத்தையும் சேர்த்தே எழுதுகிறேன்.

என் முகத்தைப் பற்றிச் சொன்னால்தான் இந்த விமர்சனம் உங்களுக்குப் பொருந்துமா என்று தெரியும். நாற்பதைத் தாண்டிய வயது, நல்ல மாநிறம், எண்ணெய்ச் சருமம், மூக்கின் இரு பக்கமும் துளைகள் பெரிதாகத் தெரியும். வங்கிக் கவுன்டரில் வேலை. தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறி பீச் ஸ்டேஷனில் இறங்குவதற்குள் நெற்றி வியர்த்துவிடும். அப்புறம் நாள் முழுவதும் ஏசி. இந்த இரண்டையும் தாங்கினால்தான் எனக்கு அது நல்ல பிளஷ்.

முதலில் மூடியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ரேர் பியூட்டி, பாடகி செலினா கோமஸ் 2020இல் தொடங்கிய நிறுவனம். அவருக்கு லூபஸ், அதாவது உடலின் நோய் எதிர்ப்புச் சக்தியே உடலைத் தாக்கும் நோய், இருப்பது எல்லோருக்கும் தெரிந்த செய்தி. கை மூட்டுவலி உள்ளவர்களும் எளிதாகத் திறக்க வேண்டும் என்றுதான் மூடிகளை இப்படி வடிவமைத்ததாக அவரே சொல்லியிருக்கிறார். எனக்கும் முடக்குவாதம் உண்டு. காலையில் விரல் சரியாக மடங்காது. வழுவழுப்பான சின்ன மூடிகளோடு போராடியே பழகிய எனக்கு, இந்த உருண்டை மூடி உள்ளங்கைக்குள் அடங்கி ஒரே திருகில் திறப்பது பெரிய விஷயம். மேக்கப் பொருள் செய்கிறவர்கள் எல்லோரும் இதைக் கவனிக்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

அடுத்தது நிறம். நம் ஊரில் பிளஷ் என்றால் வெளிர் ரோஸ் என்று ஒரு பழக்கம். கடையில் கேட்டாலும் அதைத்தான் எடுத்துக் காட்டுவார்கள். வெளிர் நிறம் வருவதற்காக அதில் டைட்டானியம் டையாக்சைடு போன்ற வெள்ளை நிறமியை அதிகம் கலக்கிறார்கள். அந்த வெள்ளைதான் மாநிறத் தோலில் சாம்பல் படிந்த மாதிரி தெரிகிறது. டப்பாவில் பயமுறுத்தும் நிறம்தான் நம் கன்னத்தில் இயல்பாக உட்காரும்: செங்கல் நிறம், பழுத்த நாவல் நிறம், அடர்ந்த பவழம். இந்த பிளஷில் ‘லவ்’ என்பது டெரகோட்டா, அதாவது சுட்ட மண் நிறம்; ‘ஃபெய்த்’ என்பது அடர் பெர்ரி. நான் போடுவது ‘லவ்’. என்னைவிடக் கருத்த என் தங்கைக்கு ‘ஃபெய்த்’ அவ்வளவு அழகாக இருக்கிறது, வெயிலில் நடந்து வந்த முகம் சிவந்திருப்பது போலவே தெரியும். ‘பிளிஸ்’, ‘என்கரேஜ்’ போன்ற இளம் நிறங்கள் நல்ல சிவப்பாக இருப்பவர்களுக்குத்தான் சரி.

இனி வைக்கும் விதம். உள்ளே இருக்கும் குச்சியால் நேராகக் கன்னத்தில் கோடு இழுக்காதீர்கள். இந்தத் திரவத்தில் நிறமி மிகவும் செறிவு. குச்சியை பாட்டில் வாயில் வழித்துவிட்டு, புறங்கையில் ஒரு சின்னப் பொட்டு வையுங்கள். நடுவிரலால் அதைத் தொட்டுத் தொட்டுக் கன்னத்தில் ஒற்ற வேண்டும். தேய்த்தால் அடியில் இருக்கும் ஃபவுண்டேஷன் (முகம் ஒரே நிறமாகத் தெரியப் பூசும் கிரீம்) திட்டுத் திட்டாகப் பெயர்ந்துவிடும். ஒரு கன்னத்தை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். காய்ந்தபின் ஓரத்தைக் கலப்பது கஷ்டம். அதிகமாகிவிட்டால் துடைக்க வேண்டாம். ஃபவுண்டேஷன் போட்ட பஞ்சையே எடுத்து, புதிதாக ஒன்றும் தொடாமல், அதன் மேல் ஒற்றினால் நிறம் இறங்கிவிடும்.

இடம்தான் பெரும்பாலானோர் தவறவிடுவது. ‘சிரித்தால் உப்பும் இடத்தில் வை’ என்பார்கள். சிரிப்பு அடங்கியதும் அந்த இடம் கீழே இறங்கிவிடும், நிறமும் வாய்க்குப் பக்கத்தில் வந்து நிற்கும். என் வயதில் அது முகத்தையே தொய்ந்தாற்போல் காட்டும். சிரித்து இடத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு முகத்தைத் தளர்த்தி, அதற்குச் சற்று மேலே, கன்ன எலும்பின் மீது தொடங்கிப் காதுக்கு மேலே நெற்றியோரம் நோக்கிக் கொண்டுபோங்கள். மூக்கிலிருந்து இரண்டு விரல் தள்ளி இருக்க வேண்டும், மூக்கு நுனிக்குக் கீழே இறங்கவே கூடாது. நீள முகம் என்றால் மட்டும் மேல்நோக்கி இழுக்காமல் படுக்கை வசமாகப் பரப்பலாம்.

பவுடர் போட்டுவிட்டு அதன் மேல் திரவ பிளஷ் வைத்தால் திட்டு விழும். சன்ஸ்க்ரீன், அது ஊறியதும் ஃபவுண்டேஷன், பிறகு பிளஷ், கடைசியில்தான் பவுடர். அதுவும் நெற்றி, மூக்கு, தாடைக்கு மட்டும். ரயிலில் வியர்த்தால் டிஷ்யூவை வைத்து அழுத்தி எடுக்கிறேன். ஈரத்தின் மேல் காம்பேக்ட் பவுடர் பூசுவதில்லை. இப்படிச் செய்தால் சாயங்காலம் கவுன்டர் மூடும் வரை நிறம் மங்காமல் இருக்கிறது.

கன்ன மேட்டுக்கு மினுக்கு தரும் ஹைலைட்டருக்கு நான் வைத்திருப்பது மேக் நிறுவனத்தின் மினரலைஸ் ஸ்கின்ஃபினிஷ், ‘கோல்ட் டெபாசிட்’ நிறம். இந்த மினுக்கு வருவது காக்காப்பொன்னிலிருந்து, அதாவது சின்ன வயதில் மண்ணில் பொறுக்கி விளையாடிய அதே மைக்கா. மைக்காத் துகள் மேல் டைட்டானியம் டையாக்சைடை மெல்லிசாகப் பூசினால் வெள்ளி மினுக்கு, இரும்பு ஆக்சைடு சேர்த்தால் தங்கம், செம்பு. வெள்ளி மினுக்கு நம் தோலில் தனியாகப் பிரிந்து கோடு போட்டாற்போல் நிற்கும். தங்கமும் செம்பும் தோலோடு சேர்ந்துகொள்ளும். ‘கோல்ட் டெபாசிட்’ நல்ல பழுத்த தங்கம், அதனால் கொஞ்சம் நிறம் உள்ளவர்களுக்கே பொருந்தும்.

ஹைலைட்டர் எங்கெல்லாம் வேண்டாம் என்பதுதான் முக்கியம். துளை, பரு வடு, சுருக்கம் உள்ள இடத்தில் வைத்தால் அதைத்தான் வெளிச்சம் போட்டுக் காட்டும். எனக்கு மூக்கோரம் வேண்டாம், நெற்றியும் வேண்டாம், அங்கே எண்ணெயே போதும். கண்ணின் வெளிமூலைக்குக் கீழே கன்ன எலும்பின் உச்சியில் மட்டும் சின்ன பிரஷால், தட்டி உதிர்த்துவிட்டு, ஒரு தீற்று. பிளஷும் மினுக்கும் இரண்டுமே பளபளப்பாக வேண்டாம். ஒன்று மேட் ஆக, அதாவது மினுக்கில்லாமல் இருந்தால் மற்றது எடுபடும்.

கல்யாணத்துக்குப் போகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். காலை முகூர்த்தத்தில் பகல் வெளிச்சமும் ஹோமப் புகையும் வியர்வையும் இருக்கும். அங்கே ஹைலைட்டரைத் தவிர்ப்பதே நல்லது, பிளஷ் மட்டும் போதும். மாலை வரவேற்பில் வீடியோ விளக்குகள் கன்னத்து நிறத்தை விழுங்கிவிடும். கண்ணாடியில் ‘கொஞ்சம் தூக்கல்’ என்று தோன்றும் அளவுதான் ஆல்பத்தில் சரியாக வரும். மணப்பெண்களுக்கு இதை யாராவது முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

விலை? பிளஷின் முழு பாட்டில் 7.5 மி.லி., இரண்டாயிரம் ரூபாயைத் தாண்டும். தினம் ஒரு பொட்டு என்ற கணக்கில் ஒருவரால் அதைத் தீர்க்கவே முடியாது. மினி பாட்டில் போதும், அல்லது அக்கா தங்கை இருவர் பங்கு போட்டு வாங்கலாம், குச்சி முகத்தில் படாமல் புறங்கை வழியாக மட்டும் எடுப்பதாக இருந்தால். அவ்வளவு செலவு வேண்டாம் என்றால், கையில் இருக்கும் செங்கல் நிற கிரீம் லிப்ஸ்டிக்கே போதும். விரலால் இதே முறையில் ஒற்றுங்கள். காய்ந்து இறுகும் லிக்விட் மேட் லிப்ஸ்டிக்கை மட்டும் கன்னத்தில் வைக்காதீர்கள், வெடித்துவிடும். எதை வாங்கினாலும், டெஸ்டரைக் கன்னத்தோரம் தடவிக்கொண்டு மாலுக்கு வெளியே பகல் வெளிச்சத்தில் ஒரு முறை பார்த்துவிட்டு, பிறகு பில் போடுங்கள்.