ஆலய வளவுக்கு ஒட்டுமாங்கன்று: கன்று நல்லது, பாடத்துக்குக் கொஞ்சம் கவனம்

பரந்தனிலிருந்து வவுனியா வரை வீதியோர நாற்றுமேடைகளில் கிடைக்கும் ஒட்டுமாங்கன்றைப் பற்றியது இந்த மதிப்பீடு. வீட்டுத் தேவைக்கு வாங்குவோரை விட, ஆலய வளவில் நட்டு, கிறிஸ்துவோடு இணைந்திருத்தலை ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகளுக்கு அதைக் காட்டிச் சொல்லிக்கொடுக்க நினைப்போருக்கே இது கூடப் பயன்படும்.

கறுத்தக்கொழும்பான், அம்பலவி, விலாட் எதுவானாலும் இலைச் செழிப்பைப் பார்த்து ஏமாறக்கூடாது. ஒட்டைப் பாருங்கள். ஒட்டுக்கட்டையும் (வேரோடு நிற்கும் அடித்தண்டு) ஒட்டுமுளையும் (அதில் ஒட்டிய நல்லினத் துண்டு) ஏறக்குறைய ஒரே தடிப்பில், பென்சில் அளவுக்காவது இருக்கவேண்டும். ஒட்டுக்கு மேலே இரண்டு தரமாவது துளிர்த்து இலை முற்றியிருக்கவேண்டும். பையின் அடியில் வேர் சுருண்டு கிடந்தால் வேறு கன்று கேளுங்கள். பொலித்தீன் நாடா இன்னும் சுற்றியிருந்தால், ஒட்டு பொருந்தியபின் அதை வெட்டிவிடுங்கள். விட்டால் தண்டு பருக்கும்போது நாடா இறுக்கி, காற்றுக்கு அந்த இடத்திலேயே முறியும்.

பாடத்துக்கு மிகப் பெறுமதியான இடமும் இந்த ஒட்டுத்தான். ஒட்டுமுளையை 3, 4 சென்ரிமீற்றர் நீளத்துக்கு ஆப்புப்போலச் சீவி, கட்டையின் பிளவில் இறக்கும்போது, பட்டைக்கு உள்ளேயிருக்கும் மாறிழையம் (தண்டைப் பருக்கவைக்கும் மெல்லிய வளர்படை) ஒரு பக்கமாவது நேருக்கு நேர் தொடவேண்டும். தொடாவிட்டாலும் முளை உடனே வாடாது. தன்னிடமுள்ள சேமிப்பில் பச்சையாக நிற்கும், சிலவேளை துளிரும் விடும், பிறகு திடீரெனக் கருகும். வெளியே கட்டு இறுக்கமாக இருந்தும் உள்ளே இணைப்பில்லை. இதைப் பிள்ளைகளுக்குக் காட்ட, பட்டுப்போன ஒரு ஒட்டைக் கேட்டு வாங்கி நெடுக்காகப் பிளந்து காட்டலாம்; நாற்றுமேடைக்காரர் சும்மாவே தருவார்.

மாங்கன்றுப் பாடம் சறுக்குவது, பவுல் ஒலிவமர ஒட்டைப் பற்றி எழுதும் உரோமர் 11இல். நாட்டுமா வேரில் கறுத்தக்கொழும்பானை ஒட்டினால் காய்ப்பது கறுத்தக்கொழும்பான். கனியின் இனம் ஒட்டுமுளையுடையது, வேர் அதை மாற்றாது. பவுல் சொல்வது மறுவளம்: காட்டொலிவக் கிளை நல்ல ஒலிவமரத்தில் ஒட்டப்படுகிறது. அது ‘சுபாவத்திற்கு விரோதமாய்’ நடந்தது என்று 24ஆம் வசனத்தில் அவரே எழுதுகிறார். ஆகவே ‘நல்ல வேர் கிளையின் பழத்தை மாற்றும்’ என்று மாங்கன்றை வைத்துப் படிப்பித்தால், தோட்டக்காரர் வீட்டுப் பிள்ளை ஒன்று கையை உயர்த்தும். வேர் கிளையைச் சுமக்கிறது, அதன் சாரத்தில் கிளைக்குப் பங்கு உண்டு என்பதோடு நிறுத்துவது நல்லது.

ஒட்டுக்குக் கீழே வரும் நாட்டுமாத் துளிர்களைக் கண்டவுடன் கிள்ளவேண்டும். விட்டால் அவை மேலேயுள்ள நல்ல கிளையை முந்தும். சில வருடங்களில் புளி மாங்காய் காய்க்க, பழி நாற்றுமேடைக்குப் போகும். பழைய மனுஷனைக் களைவது பற்றிப் பேச இது பொருத்தம். ஆனால் அது கொலோசெயர் 3. உரோமர் 11உடன் கலந்து பேசினால் இரண்டும் குழம்பும்.

நடுகை ஐப்பசி மழையோடு. மூன்றடி அகல ஆழக் குழி, மேல்மண்ணோடு நன்றாக உக்கிய மாட்டெரு. பச்சைச் சாணம் கறையானைக் கூப்பிடும். ஒட்டு மண்ணுக்கு மேலே ஒரு சாண் நிற்கட்டும். முதல் வருடப் பூவைக் கிள்ளிவிடுங்கள். கட்டாக்காலி மாடுகளுக்கு வேலி இல்லாமல் நடவே வேண்டாம்.

‘நானே திராட்சச்செடி, நீங்கள் கொடிகள்’ என்ற யோவான் 15க்கு மாங்கன்று தோதில்லை. அதற்குப் பந்தலில் ஒரு முந்திரிகைக் கொடி வேண்டும். நம் வெக்கையில் அது தானாக இலையுதிர்த்து ஓயாது. கத்தரித்தால்தான் புதுத் துளிரும், அதில் குலையும் வரும். மாரியில் வெட்டினால் இளந்துளிரைப் பூஞ்சணம் தின்றுவிடும், மழை ஓய்ந்தபின் வெட்டுங்கள். வெட்டிய நுனியில் நீர் சொட்டும், பயப்படத் தேவையில்லை. வெட்டி எறிந்த கொடி மத்தியான வெயிலுக்குள் வாடிவிடும், பிள்ளைகள் அதைக் கண்ணால் காண அந்த வகுப்பைக் காலையில் வையுங்கள்.

கன்றுக்கு ஐந்துக்கு நாலு. பாடப்பொருளாக மூன்று.